சாண்டி புயலுக்குப் பின் நியூயார்க் மீண்ட விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க் நகரைப் புரட்டிப் போட்டது. ஆண்டுகள் பல கடந்தும், புயல் பருவம் தொடங்கிவிட்டால், ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் இங்கே புதிதாக வேலைக்கு வந்து சேர்பவர்களும் அதைப் பற்றி ஏறத்தாழ ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். புயல் அடித்த கதையைவிட, அதற்கு அடுத்த நாள்களில் எது முதலில் இயங்கியது, எது பின்தங்கியது, ஏன் என்பதே இந்தத் தொகுப்பின் பொருள்.

சாண்டி நியூயார்க்கிலதானே கரையைக் கடந்தது?

இல்லை. நியூ ஜெர்சி மாநிலத்தில், அட்லாண்டிக் சிட்டிக்கு அருகே, பிரிகன்டைன் என்ற ஊரையொட்டி இரவு எட்டு மணியளவில் அது கரையைக் கடந்தது. நியூயார்க் அதற்கு வடக்கே வெகு தொலைவில் இருந்தாலும், வட அட்லாண்டிக்கில் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வதால், மையத்துக்கு வடக்கே உள்ள கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். நியூ ஜெர்சிக் கரையும் லாங் ஐலண்டும் ஏறத்தாழச் செங்கோணமாகச் சந்திக்கும் மூலையில் நியூயார்க் துறைமுகம் அமைந்திருப்பதால், தள்ளப்பட்ட கடல்நீர் விலகிப் போக வழியின்றி நகருக்குள் ஏறியது.

அன்று பௌர்ணமி, ஓதம் உயரும் நேரமும் சேர்ந்துகொண்டது. மன்ஹாட்டனின் தென்முனையான பேட்டரியில் இரவு 9.24 மணிக்கு நீர்மட்டம் ஏறத்தாழ 14 அடியைத் தொட்டது. 1960-இல் டோனா புயலின்போது பதிவான முந்தைய உச்சம் சுமார் 10 அடிதான். நகரில் அன்று பெய்த மழையோ மிகக் குறைவு. வந்தது மழைவெள்ளம் அன்று, கடல்நீர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள விடைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

புயல் ஒரே ராத்திரிதானே அடிச்சது? கரண்ட் வர ஏன் அத்தனை நாள் ஆச்சு?

மன்ஹாட்டனில் மின்கம்பிகள் பெரும்பாலும் தரைக்கடியில் செல்கின்றன. ஆகவே அங்கே விளக்கு அணைந்ததற்குக் காற்று காரணம் அன்று. மின்விநியோகம் செய்யும் கான் எடிசன் நிறுவனம், கடல்நீர் புகுந்தால் கருவிகள் எரிந்துவிடும் என்று அஞ்சித் தென்முனையின் சில பகுதிகளில் தானே முன்கூட்டி இணைப்பைத் துண்டித்தது. அதன் பின்னர், கிழக்கு 14-ஆம் தெருவின் கோடியில் ஆற்றங்கரையில் இருக்கும் துணை மின்நிலையம், பன்னிரண்டரை அடி நீர்மட்டத்தைத் தாங்கும்படி அமைக்கப்பட்டிருந்தும், அதற்கு மேல் ஏறிய நீரில் மூழ்கி, கண்ணைப் பறிக்கும் ஒளியுடன் வெடித்தது. 39-ஆம் தெருவுக்குத் தெற்கே ஏறத்தாழ மன்ஹாட்டன் முழுவதும் இருண்டது.

நன்னீர் புகுந்த கருவியை உலர்த்திச் சோதித்தால் பல வேளைகளில் பிழைத்துவிடும். உப்புநீர் அப்படி விடுவதில்லை. நீர் வடிந்த பிறகும் உப்பு படிவமாகத் தங்கி, சற்று ஈரம் பட்டாலும் மின்சாரத்தைக் கடத்தும். உலோகத்தை உள்ளூர அரிக்கவும் செய்யும். எனவே ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, நன்னீரால் கழுவி, உலர்த்தி, சோதித்த பின்னரே மின்சாரம் பாய்ச்ச வேண்டியிருந்தது. மன்ஹாட்டனின் பெரும்பகுதிக்கு நவம்பர் 3, சனிக்கிழமை மின்சாரம் திரும்பியது. கம்பிகள் தலைக்கு மேலே செல்லும் குயின்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட், புறநகர்ப் பகுதிகளில் வேறு வகைத் துன்பம்: மரம் சாய்ந்த ஒவ்வொரு தெருவும் ஒரு தனி வேலை. பிற மாநிலங்களிலிருந்து மின் ஊழியர்கள் வண்டி வண்டியாக வந்தும், அங்கே பலருக்கு இரண்டாவது வாரமும் இருட்டில் கழிந்தது.

அந்த நாலஞ்சு நாள் மன்ஹாட்டன் ஜனங்க எப்படிச் சமாளிச்சாங்க?

வடக்கே நடந்தார்கள். 39-ஆம் தெருவுக்கு அப்பால் கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் வழக்கம்போல் இயங்கின. இப்பால் போக்குவரத்து விளக்குகள்கூட எரியவில்லை. ஒரே சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு குறுக்குத் தெருவைத் தாண்டியதும் வெளிச்சம் அறுந்து, காவலர்கள் கைவிளக்குகளுடன் வண்டிகளை வழிநடத்தும் இருண்ட ஊருக்குள் நுழைவதைக் கண்டவர்களால் அதை எளிதில் மறக்க முடியாது. தெற்கே திறந்திருந்த ஓரிரு சிறு கடைகளில் மெழுகுவத்தி ஒளியில், ரொக்கத்துக்கு மட்டுமே வியாபாரம் நடந்தது. ரொக்கம் எடுக்க வேண்டுமானால் மறுபடி வடக்கேதான் போக வேண்டும்.

எல்லைக்கு வடபுறம் வங்கிகளின் பணப்பொறி அறைகளில் மக்கள் சுவரோரம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இருந்த வீட்டுக்காரர்கள் சிலர் சன்னல் வழியாக நீட்டிப்புக் கம்பியைத் தெருவுக்கு இறக்கி, முனையில் பல துளைகள் உள்ள பிளக் பலகையை வைத்து, ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வாழும் ஊர் என்று நியூயார்க்கைப் பற்றி நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்த வாரத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது.

கரண்ட் இல்லேன்னா போன் எப்படி வேலை செஞ்சது?

பலருக்குச் செய்யவில்லை. சாண்டி பாதித்த பத்து மாநிலங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்ததாக அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அப்போது தெரிவித்தது. கோபுரங்களின் மின்கலன்கள் சில மணி நேரமே தாங்கும். அதன்பின் ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும். தென்மன்ஹாட்டனில் வெரைசான் நிறுவனத்தின் தொலைபேசி மையக் கட்டடத்துக்குள்ளேயே கடல்நீர் புகுந்து, அடித்தளத்தில் இருந்த செப்புக் கம்பிகள் பாழாயின. அவற்றைச் செப்பனிடாமல், அந்த வட்டாரத்துக்கு ஒளியிழைக் கம்பிகளையே புதிதாக இழுத்தார்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிச்சாங்களா, கொதிக்க வச்சாங்களா?

நகரின் குழாய்நீர் அந்த நாள்கள் முழுவதும் குடிக்கத் தக்கதாகவே இருந்தது. நியூயார்க்குக்குக் குடிநீர் வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதி முதலான இடங்களில் உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து பெரும்பாலும் பள்ளத்தை நோக்கிப் பாயும் இயல்பாலேயே வருகிறது. எக்கி இறைக்கத் தேவையில்லாததால் மின்வெட்டு அதைத் தொடவில்லை. தனியாகத் தமக்கென நீர்வழங்கல் வைத்திருந்த பிரீஸி பாயின்ட் குடியிருப்பு இதற்கு விலக்கு. அங்கே குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது.

ஆனால் அந்த இயல்பான அழுத்தம் ஏறத்தாழ ஆறாவது மாடி வரைதான் எட்டும். அதற்கு மேல் ஏற்றுவது கட்டடத்தின் மோட்டார். எனவே இருபதாம் மாடியில் இருந்தவருக்குத் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தும், சமையலறைக் குழாய் வறண்டிருந்தது.

அப்ப உயரமான கட்டடத்துல இருந்த வயசானவங்க?

இந்தப் பேரிடரின் மிகக் கொடிய பக்கம் இதுதான் என்பது என் கருத்து. லிப்ட் இல்லை, மேல்மாடிகளில் நீர் இல்லை, கொதிகலன்கள் அடித்தளத்தில் மூழ்கியதால் வெந்நீரும் அறைச்சூடும் இல்லை. மாநகர வீட்டுவசதி வாரியத்தின் நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. ராக்கவே, கோனி ஐலண்ட், ரெட் ஹூக் ஆகிய கடலோர வட்டாரங்களில் அந்த அடுக்ககங்களில் முதியோரும் சக்கர நாற்காலியை நம்பியிருந்தோரும், சன்னல் இல்லாத இருண்ட படிக்கட்டில் இறங்கும் துணிவின்றி மேலேயே இருந்துவிட்டார்கள். புயலுக்கு முன் வெளியேறும்படி ஆணையிட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், போக இடமும் தூக்கிச் செல்ல ஆளும் இருந்தனவா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தேசியக் காவல் படையினரும் தன்னார்வலர்களும் கதவு கதவாகத் தட்டி, தண்ணீரையும் மருந்தையும் மாடி ஏற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வால் ஸ்ட்ரீட் மறியலில் ஈடுபட்ட இளைஞர்கள் ‘ஆக்குபை சாண்டி’ என்ற பெயரில் புரூக்ளின் தேவாலயங்களைக் கிடங்காக்கி, திருமணப் பரிசுப் பட்டியலுக்கென அமேசான் வைத்திருந்த வசதியில் போர்வை, டயப்பர், கைவிளக்கு ஆகியவற்றைப் பட்டியலிட்டு நாடெங்குமிருந்து வரவழைத்தார்கள். பெரிய நிவாரண அமைப்புகள் வந்து சேரும் முன்னரே அவர்கள் பல இடங்களில் களத்தில் இருந்தார்கள். நவம்பர் 7 அன்று வாடைப்புயல் ஒன்று வந்து நகரில் நான்கு அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியபோது, அந்தக் கட்டடங்கள் பலவற்றில் இன்னமும் சூடு வந்திருக்கவில்லை.

சுரங்க ரயில் தண்ணில மூழ்கிடுச்சுன்னாங்க, மூணே நாள்ல எப்படி ஓடிச்சு?

முழுவதும் ஓடவில்லை, ஓடக்கூடிய துண்டுகள் ஓடின. புயலுக்கு முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கே ரயில்களை நிறுத்தி, பெட்டிகளை மேட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுபோய் நிறுத்தியதால் வண்டிகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் கிழக்கு ஆற்றின் அடியில் செல்லும் ஏழு சுரங்கங்களில் கடல்நீர் நிரம்பியது. டீசல் இன்ஜின் இழுக்கும் பம்ப் ரயில்களைக் கொண்டு அதை இறைத்தார்கள். ராணுவப் பொறியாளர் குழுவும் வந்தது. நீர் வற்றிய பிறகு சமிக்ஞைக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு மின்சாரம் பற்றிய விடையில் சொன்ன உப்புதான் காரணம்.

அக்டோபர் 30 மாலையே பேருந்துகள் கட்டணமின்றி ஓடத் தொடங்கின. நவம்பர் 1 வியாழன் காலை ரயில்கள் வந்தன. ஆனால் மன்ஹாட்டனில் 34-ஆம் தெருவுக்குத் தெற்கே எதுவும் இல்லை, ஆற்றைக் கடக்கும் தடமும் இல்லை. இடைவெளியை நிரப்ப, புரூக்ளினின் பார்க்லேஸ் அரங்கம் முதலான மூன்று இடங்களிலிருந்து பாலங்கள் வழியே பேருந்துகளை வரிசையாக விட்டார்கள். அரங்கத்தைச் சுற்றி வளைந்து நின்ற அந்த வரிசையில், அலுவலக உடுப்பில் காப்பிக் கோப்பையுடன் நின்றவர்கள் பலர் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, பாலத்தில் நடந்தே போனார்கள். வியாழன், வெள்ளி இரு நாளும் பயணம் இலவசம். தென்மன்ஹாட்டனுக்கு மின்சாரம் வந்த சனிக்கிழமையே சில தடங்கள் ஆற்றைக் கடந்தன. ரயிலின் கதை மின்சாரத்தின் கதையை ஒட்டியே நடந்தது என்பதை இந்தத் தேதிகளே காட்டுகின்றன.

மூணு பேர் இல்லாத காரைத் திருப்பி அனுப்பினாங்களாமே, நிஜமா?

உண்மைதான். ரயில் இல்லாததால் ஆளுக்கொரு காராகக் கிளம்பி, அக்டோபர் 31 அன்று மன்ஹாட்டன் சாலைகள் அசையாமல் நின்றுவிட்டன. ஆகவே மேயர் மைக்கேல் புளூம்பெர்க், நவம்பர் 1, 2 தேதிகளில் பெரும்பாலான பாலங்கள் வழியே நுழையும் கார்களில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பாலத்தின் முகப்பில் முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. திட்டிக்கொண்டே திரும்பியவர்களும் உண்டு.

பெட்ரோல் இருந்தும் இல்லைன்னு சொன்னாங்கன்னு கேள்விப்பட்டேன். அது என்ன கதை?

பதுக்கல் என்று நினைத்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். பல பெட்ரோல் பங்குகளில் நிலத்தடித் தொட்டியில் பெட்ரோல் இருந்தது. அதை மேலே இழுக்கும் பம்புக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்த பங்குகளில் பெட்ரோல் விரைவில் தீர்ந்தது. ஏனெனில் துறைமுகம் மூடப்பட்டு எண்ணெய்க் கப்பல்கள் வெளியே நின்றன. நியூ ஜெர்சிக் கரையோரச் சேமிப்பு முனையங்களில் வெள்ளமும் மின்வெட்டும் சேர்ந்து, லாரிகளுக்கு நிரப்ப முடியாமல் போயிற்று. இப்படிச் சங்கிலியின் பல கண்ணிகள் ஒரே நேரத்தில் அறுந்ததால், ஒன்றைச் சரிசெய்தாலும் பயன் உடனே தெரியவில்லை. நவம்பர் தொடக்கத்தில் நகர வட்டாரத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகளில் பெட்ரோல் கிடைக்கவில்லை.

பங்குகளில் கார்களுக்கு ஒரு வரிசை, ஜெனரேட்டருக்காகச் சிவப்புக் கேன்களுடன் நடந்து வந்தவர்களுக்கு இன்னொரு வரிசை என்று நின்றன. தள்ளுமுள்ளைத் தடுக்கக் காவலர்களும் நின்றார்கள். நியூ ஜெர்சியின் 12 மாவட்டங்களில் நவம்பர் 3 முதலும், நியூயார்க் நகரில் நவம்பர் 9 முதலும் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை வந்தது: வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைத் தேதியில், இரட்டையானால் இரட்டைத் தேதியில் மட்டும் பெட்ரோல். பூஜ்யம் இரட்டையில் சேர்ந்தது. நியூ ஜெர்சியில் பத்து நாள்களில் இது விலக்கப்பட்டது. நகரில் ஏறத்தாழ இரண்டு வாரம் நீடித்தது. இந்த முறை பெட்ரோலின் அளவைக் கூட்டவில்லை. ஆனால் அரைத்தொட்டி இருக்கும்போதே அச்சத்தில் தினமும் வரிசைக்கு வந்தவர்களைத் தடுத்தது, வரிசை சுருங்கியது.

ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டர் இருக்குமே, ஏன் நோயாளிகளை வெளியேத்தினாங்க?

ஜெனரேட்டர் மேலே இருந்தது, அதற்கு எரிபொருள் ஏற்றும் பம்ப் கீழே இருந்தது. பெல்வியூ என்ற பழம்பெரும் அரசு மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பாதுகாப்பாக இருக்க, அடித்தளத்தில் பம்புகள் மூழ்கின. ஊழியர்களும் காவல் படையினரும் படிக்கட்டில் சங்கிலியாக நின்று, எரிபொருளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்க முடியாமல், அக்டோபர் 31 அன்று மருத்துவமனையைக் காலிசெய்யத் தொடங்கினார்கள். அருகிலிருந்த என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையை 29-ஆம் தேதி இரவிலேயே காலிசெய்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்த பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர்கள் கையால் காற்றுப்பையை அமுக்கியபடியே ஒன்பது மாடி இறக்கினார்கள். லாங்கோன் டிசம்பர் இறுதியிலும் பெல்வியூ 2013 பிப்ரவரியிலும்தான் உள்நோயாளிகளுக்கு மீண்டும் முறையாகத் திறந்தன. நகர வாழ்க்கை இயல்புக்குத் திரும்பிவிட்டதாகச் செய்திகள் சொன்ன பிறகும், கீழ்மன்ஹாட்டனில் நெஞ்சுவலி வந்தவரை வெகுதொலைவு கொண்டுபோக வேண்டியிருந்தது.

பங்குச் சந்தை மட்டும் ரெண்டே நாள்ல திறந்துட்டாங்க. பணக்காரனுக்குத்தான் முதல்ல எல்லாமா?

நியூயார்க் பங்குச் சந்தை அக்டோபர் 29, 30 இரு நாளும் மூடப்பட்டு, 31 காலை திறந்தது. வானிலையால் தொடர்ந்து இரு நாள் மூடியது 1888-ஆம் ஆண்டின் பெரும்பனிக்குப் பிறகு அதுவே முதல்முறை. அதன் கட்டடம் மூழ்கவில்லை. சொந்த ஜெனரேட்டரில் ஓடியது. சுற்றிலும் தெருக்கள் இருண்டுதான் கிடந்தன. ஆகவே அதைத் திறந்ததற்காக யாருடைய மின்சாரமும் பறிக்கப்படவில்லை.

ஆனாலும் கேள்வி நியாயமானது. ஒரே தரைக்கடிக் கம்பித்தொகுதியைச் சரிசெய்தால் ஒரே வேளையில் பல்லாயிரம் பேருக்கு விளக்கு எரியும். ராக்கவேயில் அதே உழைப்புக்குச் சில தெருக்கள்தான் எரியும். பொறியாளர் கணக்கில் முன்னது முந்துவது இயல்பு. அந்தக் கணக்கில், முன்பே வறுமையிலும் தொலைவிலும் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நிற்கிறார்கள் என்பதும் உண்மை. அங்கே உதவி சென்றடைந்த வேகம் போதாது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

மாரத்தானை ஏன் கடைசி நேரத்துல ரத்து பண்ணாங்க?

முந்தைய விடையில் சொன்ன மனக்கசப்பு வெடித்த இடம் அது. நவம்பர் 4 ஞாயிறன்று ஓட்டம் நடக்கும் என்று மேயர் உறுதியாகச் சொல்லிவந்தார். வணிகம் பெருகும், ஊருக்கு ஊக்கம் பிறக்கும் என்பது அவர் வாதம். ஓட்டம் தொடங்குவதோ ஸ்டேட்டன் ஐலண்டில். நகரில் இறந்த 43 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தத் தீவினர். அங்கே உடல்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, சென்ட்ரல் பூங்காவில் ஓட்ட ஏற்பாடுகளுக்கென நிறுத்தியிருந்த ஜெனரேட்டர்களின் படம் செய்தித்தாளில் வந்தது. வெள்ளி மாலை ரத்தாகியது. வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கிவிட்ட ஓட்டக்காரர்களில் பலர் ஞாயிறன்று முதுகுப்பையில் நிவாரணப் பொருள்களைச் சுமந்துகொண்டு அதே தீவுக்குப் போனார்கள்.

பள்ளிக்கூடம், தேர்தல் எல்லாம் எப்படி நடந்தது?

பள்ளிகள் ஒரு வாரம் மூடியிருந்து நவம்பர் 5 திங்களன்று திறந்தன. மூழ்கிய பள்ளிகளின் பிள்ளைகளை வேறு கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே அதிபர் தேர்தல். வாக்குச்சாவடிகள் பல இடம் மாறியதாலும், வாக்காளர்கள் பலர் வீடிழந்து உறவினர் வீடுகளில் இருந்ததாலும், மாநிலத்தில் எந்தச் சாவடியிலும் உறுதிமொழி வாக்குச்சீட்டு மூலம் வாக்களிக்கலாம் என்று ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ முதல் நாள் மாலை ஆணை பிறப்பித்தார். சில இடங்களில் கூடாரத்தில் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் வாக்குப்பதிவு நடந்தது.

தெருவுல கரண்ட் வந்துடுச்சு, எதிர்வீட்டுல எரியுது, நம்ம வீட்டுக்கு மட்டும் குடுக்க மாட்டேன்னாங்களாம். ஏன்?

அடித்தளத்தில் மின்பெட்டி மூழ்கிய வீடு என்றால், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் வரை இணைப்புத் தரமாட்டார்கள். இது வீண் கெடுபிடி போலத் தோன்றும். புயல் இரவில் பிரீஸி பாயின்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்த தீ, ஒரு வீட்டின் மின்கம்பிகளில் கடல்நீர் பட்டதால் தொடங்கியது என்று தீயணைப்புத் துறையின் விசாரணை கண்டதை நினைத்தால், காரணம் விளங்கும். உப்பு ஊறிய பெட்டியில் திடீரென மின்சாரம் பாய்ந்தால், நீர் வடிந்த பிறகும் அதுவே நிகழலாம்.

சிக்கல், அத்தனை வீடுகளுக்கும் ஒரே வாரத்தில் மின்பணியாளர் எங்கே கிடைப்பார் என்பதுதான். ஆகவே நகர நிர்வாகம் நவம்பரில் ‘விரைவுப் பழுதுநீக்கம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒப்பந்தக்காரர்களை அமர்த்தி, மின்சாரம், சூடு, வெந்நீர் ஆகிய மூன்றை மட்டும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அடுத்த வசந்தத்துக்குள் ஏறத்தாழ 20,000 குடியிருப்புகளில் வேலை முடிந்தது. குடும்பங்களை முகாம்களிலும் விடுதிகளிலும் வைத்துக் காப்பதைவிட அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்த இந்த யோசனைதான் அந்தக் குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் முதன்மையானது என்பேன்.

மூழ்கின வீட்டுக்குத் திரும்பினவங்க முதல்ல என்ன செஞ்சாங்க?

கதவில் ஒட்டியிருந்த தாளின் நிறத்தைப் பார்த்தார்கள். கட்டடத் துறை ஆய்வாளர்கள் பச்சைத் தாள் ஒட்டியிருந்தால் உள்ளே போகலாம், மஞ்சளானால் கட்டுப்பாட்டுடன், சிவப்பானால் நுழையக் கூடாது.

பிறகு சுவர். இங்கே பல வீடுகளின் உட்சுவர் செங்கல் அன்று. மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. இடுப்பளவு நீர் நின்றிருந்தால், பலகை திரிபோல ஈரத்தை உறிஞ்சி அதற்கு மேலும் ஏற்றியிருக்கும். ஓரிரு நாள்களில் பூசணம் பிடித்துவிடும். வெளியே வெள்ளைச் சுண்ணம் மாறாதிருக்க, பின்புறம் கரும்புள்ளிகள் படர்ந்திருக்கும். அதனால் நீர்க்கோட்டுக்கு மேலேயே வெட்டி, பலகையையும் உள்ளிருந்த பஞ்சையும் வாரி வெளியே குவித்தார்கள். தெருவோரம் மெத்தையும் குளிர்பெட்டியும் பிள்ளைகளின் புகைப்படத் தொகுப்பும் ஒரே குவியலாகக் கிடந்த காட்சி வாரக்கணக்கில் மாறவில்லை. ராக்கவேக்கு அருகில் ரீஸ் பூங்காவின் வண்டி நிறுத்துமிடமே குப்பைமலையானது.

இன்றும் புயல் வேளையில் யாருக்கும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார்க் கொட்டகையிலோ வைக்கக் கூடாது. குறைந்தது 20 அடி தள்ளி, சன்னல்களை நோக்காமல் வெளியே வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. புயலில் தப்பியவர்கள் அதற்குப் பிந்தைய நாள்களில் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள்.

சாண்டி ஹரிக்கேனே இல்லைன்னு சொல்றாங்களே? அப்ப இன்சூரன்ஸ் கிடைச்சிருக்குமா?

கரையைக் கடப்பதற்குச் சற்று முன் அது வெப்பமண்டலப் புயலுக்குரிய அமைப்பை இழந்துவிட்டதால், வானிலை ஆய்வாளர்கள் அதை அந்த நொடியில் ஹரிக்கேன் என்று வகைப்படுத்தவில்லை. இது வீட்டுக்காரர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. ஹரிக்கேன் என்றால் காப்பீட்டுத் தொகையில் குறிப்பிட்ட விழுக்காட்டை உரிமையாளரே முதலில் ஏற்க வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு; அதை இங்கே பயன்படுத்தக் கூடாது என்று நியூயார்க், நியூ ஜெர்சி ஆளுநர்கள் அறிவித்தார்கள்.

ஆனால் அது காற்றால் வந்த சேதத்துக்குத்தான் உதவியது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அதற்குத் தேசிய வெள்ளக் காப்பீட்டில் தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். அதிலும் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000 டாலர் என்பது உச்சம், அடித்தளத்தில் வைத்தவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சேராதவர்களுக்குக் கூட்டரசின் பேரிடர் மேலாண்மை முகமை தந்த நேரடி உதவியின் உச்சவரம்பு அப்போது 31,900 டாலர். ஒரு வீட்டை எழுப்ப அது போதாது, எஞ்சியது கடன்.

அப்ப நியூயார்க் முழுசா மீண்டதுன்னு எந்தத் தேதியைச் சொல்லலாம்?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அலுவலகம் போய்வருவதே நகர வாழ்க்கை என்றால், நவம்பர் இரண்டாம் வாரம். ராக்கவேவாசிகளுக்கு, ஜமைக்கா வளைகுடாவைக் கடக்கும் ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டிருந்ததால், 2013 மே 30. அதுவரை அந்தத் தீபகற்பத்துக்குள் மட்டும் ஓட, 20 ரயில் பெட்டிகளை லாரிகளில் ஏற்றிச் சாலை வழியே கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். 2009-இல் திறந்து மூன்றே ஆண்டில் கூரை வரை மூழ்கிய சவுத் ஃபெரி நிலையத்துக்கு 2017 ஜூன். ஸ்டேட்டன் ஐலண்டின் ஓக்வுட் பீச் பகுதியினருக்கு அப்படி ஒரு தேதியே இல்லை. வீடுகளை மாநில அரசு புயலுக்கு முந்தைய விலையில் வாங்கி இடித்துவிட்டது, அவர்களும் அதையே விரும்பிக் கேட்டார்கள்.

சுரங்கங்களைப் பொறுத்தவரை, 2012-இல் கழுவித் துடைத்து ஓடவிட்டது தற்காலிக வேலைதான். உள்ளே தங்கிய உப்பு கான்கிரீட்டையும் கம்பிகளையும் தொடர்ந்து அரித்ததால், ‘ஆர்’ (R) என்ற சுரங்க ரயில் தடத்தின் சுரங்கத்தை 2013 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு மேல் மூடிப் புதுப்பித்தார்கள்; ‘எல்’ (L) தடத்தில் வேலை 2020 ஏப்ரலில் முடிந்தது. மன்ஹாட்டனின் பென்சில்வேனியா ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, வெளியூர் ரயில்களை இயக்கும் ஆம்ட்ராக் நிறுவனத்துக்குச் சொந்தமான நான்கு ஆற்றடிப் பாதைகளில் இரண்டு அந்த இரவில் மூழ்கின. அவற்றில் ஒன்றை முழுமையாகப் புதுப்பிக்க மூடியது 2025 மே மாதத்தில். இன்னொன்றின் முறை அதற்குப் பிறகுதான்.